நடைவண்டியில் ஓர் அரிசி மூட்டை

பாப்பாவுக்கு ஒரு வயது முடிந்ததும் மொட்டை அடித்து காது குத்தினோம். நியூ ஜெர்சி எடிசனில் எங்கள் வீட்டு பேஸ்மெண்டில்தான் விழா. ஐம்பது பேர் இருக்கும். மாமா மடியில் உட்கார்ந்து அழுது, சிரித்து, கையில் கிடைத்த லட்டை நசுக்கி, எல்லாம் முடிந்த பிறகு தூரத்து உறவு அத்தை ஒருவர் பாப்பாவைக் கையில் வாங்கிக்கொண்டு கேட்டார்: "ஏம்பா, இவ இன்னும் நிக்கலையா? எங்க பேத்தி பத்து மாசத்துலயே ஓடுனா!"

கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. நம் வீடுகளில் ஒரு வயதுக் குழந்தையைப் பார்த்தால் கேட்கிற கேள்விதான். நானும் சிரித்து மழுப்பிவிட்டேன். ஆனால் அன்று இரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் காலையிலிருந்து, ஆபீஸ் லேப்டாப்பைத் திறப்பதற்கு முன் தினமும் பத்து நிமிடம், பாப்பாவை சோபாவைப் பிடித்து நிற்க வைக்க ஆரம்பித்தேன்.

பத்தே நாளில் நின்றாள்! கால் இரண்டையும் அகட்டி, முட்டியை விறைப்பாகப் பூட்டி, பாதங்கள் வெளிப்பக்கம் திரும்பியிருக்க, வயிற்றை சோபாவில் சாய்த்து நின்றாள். போட்டோ எடுத்து குடும்ப வாட்ஸாப் குரூப்பில் போட்டேன். ஹார்ட்டாகக் கொட்டியது.

வியாழக்கிழமை பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வந்தபோது பெருமையாகச் செய்து காட்டினேன். அவர் கை தட்டவில்லை. பாப்பாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவள் தொடையை என்னைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். மெத்தென்று இருந்தது. "பாருங்கள், தசை வேலையே செய்யவில்லை. மூட்டைப் பூட்டி, அதன் மேல் சாய்ந்திருக்கிறாள். இப்படி நிற்பதை நன்றாகப் பழகிவிட்டால் பிறகு மாற்றுவது ரொம்பக் கஷ்டம்" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "என்ன அவசரம்?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியும். சொல்ல வெட்கமாக இருந்தது. பாப்பாவுக்கு எந்த அவசரமும் இல்லை. அவசரம் எனக்குத்தான், அந்த பேஸ்மெண்டில் இருந்த ஐம்பது பேருக்காக.

பாப்பாவுக்கு இப்போது ஐந்து வயது. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தையின் அப்பாவாக இந்த ஐந்து வருடத்தில் தரையில் உட்கார்ந்து நான் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவன் இல்லை, சாஃப்ட்வேர் எஞ்சினியர். உங்கள் குழந்தைக்கு எது சரி என்பதை அவளை நேரில் பார்க்கிற தெரபிஸ்ட்தான் சொல்ல வேண்டும். ஆனால் அவர் சொல்வது ஏன் என்று புரிந்தால் வீட்டில் செய்வது சுலபம். எனக்கு அது புரியவே ஒரு வருடம் ஆனது.

டோன் வேறு, பலம் வேறு

பாப்பா பிறந்த அன்றே அம்மா கவனித்துவிட்டார். "குழந்தை பஞ்சு மாதிரி இருக்காடா, கைக்குள்ள நிக்க மாட்டேங்குறா" என்றார். மருத்துவரும் அதைத்தான் பார்த்திருக்கிறார். ரத்தப் பரிசோதனையில் 21-ஆவது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று இருப்பது உறுதியானது. 1866-இல் ஜான் லாங்டன் டவுன் என்ற ஆங்கிலேய மருத்துவர் இந்த நிலையை விவரித்து எழுதினார். கூடுதல் குரோமோசோம்தான் காரணம் என்று 1959-இல் தெரியவந்தது. அமெரிக்காவில் ஏறத்தாழ 700 பிறப்புகளுக்கு ஒரு குழந்தை இப்படிப் பிறக்கிறது. யாரும் எதையும் தப்பாகச் செய்ததால் வருவதில்லை. இதை நம் பெரியவர்களிடம் ஒரு தடவைக்கு நாலு தடவை சொல்ல வேண்டியிருக்கும். சொல்லுங்கள்.

இந்தக் குழந்தைகளின் தசை ஏன் தளர்வாக இருக்கிறது? வீணையை யாரும் வாசிக்காமல் மூலையில் வைத்திருந்தாலும் தந்தி ஒரு முறுக்கில்தானே இருக்கிறது? அதுபோல நாம் சும்மா இருக்கும்போதும் தசையில் ஒரு மெல்லிய முறுக்கு இருக்கிறது. அதுதான் 'மசில் டோன்'. அது குறைவாக இருப்பதைத் தசைத் தொய்வு என்கிறோம். தொய்வு என்றால் பலமின்மை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டும் வேறு. டோன் பிறவியிலேயே அமைவது, தெரபியால் அதைப் பெரிதாக மாற்ற முடியாது. பலத்தைக் கூட்டலாம். தெரபியின் வேலை அங்கேதான் இருக்கிறது.

எங்கள் தெரபிஸ்ட் முதல் நாளே நான்கு விஷயங்களைச் சொன்னார்:

ஒன்று, தசைத் தொய்வு. ஓர் அசைவைத் தொடங்கவே இவர்களுக்குக் கூடுதல் முயற்சி வேண்டும்.

இரண்டு, தளர்ந்த தசைநார்கள். எலும்புகளை இணைக்கிற நார்கள் நெகிழ்வாக இருப்பதால் மூட்டுகள் அளவுக்கு மீறி வளையும். மல்லாக்கப் படுத்தால் கால்கள் தவளை மாதிரி விரிந்துகொள்ளும்.

மூன்று, குறைந்த பலம். திரும்பத் திரும்பச் செய்தால் இது கூடும்.

நான்கு, உடலோடு ஒப்பிட்டால் சற்றுக் குட்டையான கை கால்கள். உட்கார வைத்தால் கை தரைக்கு எட்டாது. ஊன்றிக்கொள்ள முடியாமல் முன்னால் சரியும். 'இவளுக்கு பேலன்ஸே இல்லையே' என்று நான் கவலைப்பட்டேன். தெரபிஸ்ட் முன்னால் ஒரு சின்னத் தலையணையை வைத்தார். கையை அதில் ஊன்றிக்கொண்டு ஜம்மென்று உட்கார்ந்தாள்.

குறுக்கு வழியின் விலை

குழந்தைகள் கெட்டிக்காரர்கள். தளர்வான உடம்பை வைத்துக்கொண்டு எப்படியாவது நகர வழி கண்டுபிடித்துவிடுவார்கள். கால் அகட்டினால் விழாமல் நிற்கலாம். முட்டியைப் பூட்டிக்கொண்டால் தொடைத்தசைக்கு வேலை இல்லை. பாதத்தின் உள்பக்கத்தைத் தரையில் சரித்து நின்றால் கணுக்கால் உழைக்க வேண்டாம். முதுகைக் கூன் போட்டு உட்கார்ந்தால் இடுப்புத்தசை சும்மா இருக்கலாம்.

இந்த வழிகளில் குழந்தை நிற்கும், நடக்கவும் செய்யும். ஆனால் அதே அகட்டிய, பூட்டிய நடையில் இருபது முப்பது வருடம் போனால் பாதமும் முட்டியும் வலிக்க ஆரம்பிக்கும். நடக்க வலித்தால் உட்கார்ந்துவிடுவார்கள், எடை கூடும், இன்னும் வலிக்கும்.

டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளுக்காகவே பல காலம் பணிபுரிந்த அமெரிக்க பிசியோதெரபிஸ்ட் பாட்ரீஷியா வைண்டர்ஸ் இதைத்தான் வலியுறுத்தினார். பெற்றோருக்காக அவர் எழுதிய புத்தகம் 1997-இல் வந்தது. தெரபியின் நோக்கம் வளர்ச்சியை வேகப்படுத்துவது இல்லை, இந்தக் குறுக்கு வழிகள் பழக்கமாகிவிடாமல் தடுப்பது என்பது அவர் வாதம்.

எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். டெட்லைனுக்காக ஏதோ ஒரு ஒட்டுவேலை பார்த்து கோடை ஓட வைத்துவிடுவோம். 'அப்புறம் சரி பண்ணிக்கலாம்' என்போம். ஐந்து வருடம் கழித்துப் பார்த்தால் மொத்த சிஸ்டமும் அந்த ஒட்டின் மேல்தான் நிற்கும், யாராலும் கை வைக்க முடியாது. சோபாவைப் பிடித்துப் பாப்பா நின்றாளே, அது நான் போட்ட ஒட்டு.

அதுவரை ஒரு எக்ஸெல் ஷீட் வைத்திருந்தேன். புரண்டது எத்தனை மாதத்தில், உட்கார்ந்தது எத்தனை மாதத்தில், மற்ற குழந்தைகள் எப்போது செய்வார்கள், எத்தனை மாதம் பின்தங்கியிருக்கிறோம், எல்லாம் கலர் கலராக. மற்ற குழந்தைகள் பெரும்பாலும் ஒரு வயதை ஒட்டி நடப்பார்கள். டவுன் சிண்ட்ரோம் குழந்தைகள் பலர் இரண்டு வயதை ஒட்டி நடக்கிறார்கள். ஒன்றரை வயதில் நடப்பவர்களும் உண்டு, மூன்று வயது தாண்டி நடப்பவர்களும் உண்டு. இவ்வளவு அகலமான வீச்சில் ஒரு மாதம் முன்னே பின்னே என்று கணக்குப் போட்டு என்ன பயன்? அன்று இரவு அந்த ஷீட்டை அழித்தேன்.

வீட்டில் என்ன செய்தோம்

தெரபிஸ்ட் வாரத்துக்கு ஒரு மணி நேரம்தான் வருவார். மீதி நேரமெல்லாம் நாம்தான். எங்கள் வீட்டில் பெரும்பாலும் அம்மாதான். நானும் மனைவியும் வேலைக்குப் போக, பகலில் பாப்பாவைப் பார்த்துக்கொள்வது பாட்டி. இந்தப் பத்திரிகையைப் படிக்கிற பலர் வீட்டில் இதே ஏற்பாடுதான் இருக்கும். அதனால் தெரபிஸ்ட் சொல்வதைத் தமிழில் அம்மாவுக்குச் சொல்வதே என் முதல் வேலை ஆனது.

முதல் சண்டை, தூக்குவதில். நாம் குழந்தையை இடுப்பில் வைத்துத் தூக்குவோம், கால் இரண்டும் நம் இரு பக்கமும் விரிந்திருக்கும். ஏற்கனவே விரிந்துகொள்ளும் கால்களுக்கு இது வேண்டாம் என்றார் தெரபிஸ்ட். குழந்தையின் முதுகு நம் நெஞ்சில் சாய்ந்திருக்க, இரண்டு தொடையையும் சேர்த்து நம் கையால் அணைத்து, வெளியே பார்த்தபடி தூக்கச் சொன்னார். அம்மாவுக்குக் கோபம். "ஒன்னையும் இடுப்புலதான் தூக்குனேன். நீ நடக்கலையா?" நியாயமான கேள்விதான். "என் கால் தானா சேர்ந்துக்கும்மா, இவளுக்கு நாமதான் சேத்து வெக்கணும்" என்றேன். இரண்டு நாள் முணுமுணுத்தார். மூன்றாம் நாளிலிருந்து நான் மறந்தால் என்னைத் திட்ட ஆரம்பித்தார்.

ஆனால் அம்மா ஜெயித்த இடமும் உண்டு. ஒரு நாள் தெரபிஸ்ட் சீக்கிரம் வந்துவிட்டார். அம்மா காலை நீட்டி உட்கார்ந்து, பாப்பாவைத் தன் முழங்கால் மேல் குப்புறப் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். பாப்பா தலையைத் தூக்கி அங்குமிங்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உருட்டிய டவலை நெஞ்சுக்கடியில் வைத்துக் குப்புறப் படுக்கப் போட்டால் ஒரு நிமிடத்தில் அழுகிறவள், பாட்டி காலில் பத்து நிமிடம் கிடக்கிறாள்! "இதை விடாதீர்கள், இதைவிட நல்ல பயிற்சியை நான் சொல்லித்தர முடியாது" என்றார் தெரபிஸ்ட். நான் மொழிபெயர்த்தேன். அம்மா முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

அடுத்தது, எழுந்து உட்காருவது. குப்புறப் படுத்திருக்கிற பாப்பா ஜிம்னாஸ்டிக் வீராங்கனை மாதிரி கால் இரண்டையும் பக்கவாட்டில் முழுசாக விரித்து, கையால் தரையைத் தள்ளி உட்கார்ந்துவிடுவாள். பார்ப்பவர்கள் அசந்துபோவார்கள். தசைநார் இன்னும் தளர்ந்துபோகிற வழி அது. ஒரு பக்கமாகச் சாய்ந்து, கையை ஊன்றி எழ வேண்டும். வயிற்றுத்தசையும் இடுப்புத்தசையும் அப்போதுதான் வேலை செய்யும்.

இதற்காகவே தொடைப்பகுதி இரண்டையும் சேர்த்துத் தைத்த ஒருவகை இறுக்கமான அரைக்கால் சட்டை கிடைக்கிறது. போட்டால் காலை அகட்ட முடியாது. "இதுக்கா இவ்வளவு காசு?" என்று கேட்டு, பழைய லெக்கிங்ஸ் ஒன்றை வெட்டி அம்மா அரை மணி நேரத்தில் தைத்துவிட்டார். தெரபிஸ்ட் பார்த்து, தையலைக் கொஞ்சம் கீழே இறக்கச் சொன்னார். விளையாடும்போது, நாம் பக்கத்தில் இருக்கும்போது, கொஞ்ச நேரம் மட்டும் போட வேண்டும். தூங்கும்போது கூடாது. எல்லாக் குழந்தைக்கும் இது தேவைப்படாது, கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

நிற்பதற்கு எங்களுக்குக் கைகொடுத்தது ஒரு மணை. பூஜை அறையில் சும்மா கிடந்தது. அடியில் ஒரு மரக்கட்டையை வைத்து, பாப்பாவின் முழங்கால் உயரத்துக்குக் கொண்டுவந்தோம். அதில் உட்கார வைத்து, பாதம் இரண்டும் இடுப்புக்கு நேராகத் தரையில் படிய வைத்து, முன்னால் சோபா மேல் ஒரு பொருளை வைத்தால், எட்டி எடுக்க எழுவாள். பிறகு மெதுவாக உட்காருவாள். எழுவதிலும் உட்காருவதிலும் முட்டி மடங்கித்தான் ஆக வேண்டும், பூட்டிக்கொள்ள வழியில்லை. நான் பத்து நிமிடம் நிற்க வைத்ததைவிட இப்படி ஐந்து தடவை எழுந்து உட்கார்ந்தது அவளுக்கு அதிகப் பலம் தந்தது.

ஐந்து தடவைதான். ஆறாவது தடவை தரையில் படுத்துக்கொள்வாள். இந்தக் குழந்தைகளுக்கு ஒன்றைப் பழக நிறையத் தடவை செய்ய வேண்டும், ஆனால் ஒரே மூச்சில் செய்யமாட்டார்கள். அதனால் 'எக்சர்சைஸ் நேரம்' என்று தனியாக வைப்பதை விட்டோம். டயப்பர் மாற்றிவிட்டு எழுப்பும்போது பக்கவாட்டில் ஒரு தடவை. சாப்பாட்டுக்கு முன் மணையில் இரண்டு தடவை. மாடிப்படியைத் தவழ்ந்து ஏறுவது தினம் ஒரு தடவை, பின்னால் நான்.

ஆசை காட்டுவதும் முக்கியம். காசு கொடுத்து வாங்கிய பொம்மை எதற்கும் அசையமாட்டாள். இட்லிப் பானை மூடியை சோபாவில் வைத்தால் எழுந்துவிடுவாள்.

நடைவண்டி

பாப்பாவுக்கு ஒன்றே முக்கால் வயது இருக்கும்போது திருச்சியிலிருந்து மாமா வந்தார். பெட்டியில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு ஒரு மர நடைவண்டி. மூன்று சக்கரம், பிடித்துத் தள்ள ஒரு குறுக்குக் கட்டை. நான் நடை பழகியதும் அப்படி ஒன்றில்தான்.

அதற்கு முன்பே நண்பர் ஒருவர், உட்கார வைத்து ஓடவிடுகிற வாக்கர் கொடுத்திருந்தார். தெரபிஸ்ட் அதைத் தொடவே விடவில்லை. அதில் குழந்தை துணியில் தொங்கும், நுனிக்காலால் உந்தும், தன் எடையைத் தாங்கவோ பேலன்ஸ் செய்யவோ பழகாது. படியில் உருண்டு விழும் ஆபத்து வேறு. கனடாவில் 2004-இலேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் தடை கேட்டு வருகிறது. பல வீடுகளில் இன்னும் அன்பளிப்பாக வந்துகொண்டிருக்கிறது.

நடைவண்டி அப்படியில்லை, குழந்தை நின்று தள்ள வேண்டும். ஆனால் எங்கள் மரத் தரையில் வைத்துப் பாப்பா பிடித்ததும் வண்டி பறந்தது. பாப்பா முகம் குப்புற விழுந்தாள், உதட்டில் ரத்தம். மாமாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

வியாழக்கிழமை தெரபிஸ்ட் வண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கைப்பிடி பாப்பாவின் நெஞ்சு உயரத்தில் இருந்தது, அது சரி என்றார். கைப்பிடி அதைவிட உயரமாக இருந்தால் குழந்தை அதில் தொங்கும். சிக்கல் வேகம்தான். "இதில் கனமாக எதையாவது கட்ட முடியுமா?" என்று கேட்டார். அம்மா உள்ளே போய் பத்து பவுண்டு சோனா மசூரி மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார். கீழ்ச் சட்டத்தில் வைத்து, பழைய துப்பட்டாவால் கட்டினோம். வண்டியைக் கார்ப்பெட் மேல் வைத்தோம். இப்போது பாப்பா உந்தினால்தான் நகரும். உந்த வேண்டுமானால் முட்டியை மடக்க வேண்டும், வயிற்றை இறுக்க வேண்டும். ஹாலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மூச்சு வாங்கத் தள்ளினாள். பலம் கூடக் கூட அரிசியைக் குறைத்தோம்.

ஓர் ஆராய்ச்சி

'வேகம் முக்கியம் இல்லை என்கிறீர்கள், ட்ரெட்மில்லில் நடக்க வைத்தால் சீக்கிரம் நடப்பார்கள் என்று படித்தேனே?' என்று சிலர் கேட்பீர்கள். உண்மைதான். டேல் அல்ரிக்கும் சக ஆய்வாளர்களும் செய்த ஆய்வு 2001-இல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் வந்தது. டவுன் சிண்ட்ரோம் உள்ள 30 குழந்தைகள். எல்லோருக்கும் வழக்கமான பிசியோதெரபி உண்டு. ஒரு பாதிக்கு மட்டும் கூடுதலாக, தானாக 30 விநாடி உட்காரத் தொடங்கியதிலிருந்து, வீட்டிலேயே ஒரு சின்ன ட்ரெட்மில்லில் தினம் 8 நிமிடம், வாரம் 5 நாள், பெற்றோர் பிடித்துக்கொள்ள நடைப்பயிற்சி. அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிட 101 நாள் முன்னதாகத் தனியாக நடந்தார்கள்.

நடக்க ஆரம்பித்தால் குழந்தை தானே போய்ப் பார்க்கும், எடுக்கும், கற்கும். அந்தவகையில் மூன்று மாதம் பெரிய விஷயம்தான். ஆனால் அங்கே நடந்தது என்ன என்று பாருங்கள். மாதக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாக, கால்கள் அடியெடுத்து வைத்துப் பழகியிருக்கின்றன. ஆசைப்பட்டு சோபாவில் நிற்க வைத்த என் பத்து நாளும் அதுவும் ஒன்றல்ல. உங்கள் ஊரில் இந்த வசதி இருந்தால் தெரபிஸ்ட்டிடம் கேளுங்கள். எங்களுக்குக் கிடைக்கவில்லை.

தெரபிக்கு வெளியே கவனிக்க வேண்டியவை

இதயம்: டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப்பேருக்குப் பிறவியிலேயே இதயக் குறை இருக்கிறது. பிறந்ததும் எக்கோ எடுத்துவிடுவார்கள். பாப்பாவுக்குச் சின்ன ஓட்டை இருந்தது, தானாக மூடிக்கொண்டது. சரிசெய்யாத குறை இருந்தால் எவ்வளவு பயிற்சி தரலாம் என்று இதய மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தைராய்டு: முதல் வருடத்தில் சில தடவையும் பிறகு வருடம் ஒரு தடவையும் ரத்தப் பரிசோதனை உண்டு. தைராய்டு குறைந்தால் தசை இன்னும் தளரும், குழந்தை சோர்ந்துபோகும். 'சோம்பேறி ஆயிட்டா' என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம்.

கழுத்து: மேல்பக்கத்து இரண்டு கழுத்தெலும்புகளுக்கு இடையே உள்ள பிணைப்பு சிலருக்குத் தளர்வாக இருக்கும். அதனால் குட்டிக்கரணம் போடவிட வேண்டாம் என்று எங்கள் தெரபிஸ்ட் சொன்னார். ஆறு வயதுக்குள் ட்ராம்போலின் எந்தக் குழந்தைக்கும் வேண்டாம் என்பது குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. பிறந்தநாள் பார்ட்டிகளில் இதைச் சொல்லத் தயங்காதீர்கள். கழுத்து வலி, தலை ஒரு பக்கமே சாய்ந்திருப்பது, நன்றாக நடந்த குழந்தையின் நடை மாறுவது, கை கால் பலம் குறைவது, கட்டுப்பாடு வந்த பிறகு திடீரென்று உடையில் சிறுநீர் போவது, இவற்றில் எது தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். மயக்க மருந்து கொடுக்கும் சிகிச்சைக்கு முன்பும் கழுத்தைப் பற்றி மருத்துவரிடம் ஞாபகப்படுத்துங்கள்.

உதவி பெறுவது: அமெரிக்காவில் மூன்று வயதுவரை 'ஏர்லி இன்டர்வென்ஷன்' திட்டம் உண்டு. டாக்டர் சீட்டு வேண்டாம், பெற்றோரே நேராக அழைத்துப் பதியலாம். டவுன் சிண்ட்ரோம் என்ற கண்டறிதலே தகுதிக்குப் போதும், குழந்தை பின்தங்குகிறதா என்று காத்திருக்க வேண்டியதில்லை. அழைத்த 45 நாளுக்குள் மதிப்பீடும் குடும்பத்துக்கான திட்டக் கூட்டமும் நடக்க வேண்டும். மதிப்பீட்டுக்குக் கட்டணம் இல்லை. தெரபிக்கு சில மாநிலங்களில் வருமானத்தைப் பொறுத்து ஒரு பங்கு கேட்பார்கள். தெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார். அந்த நேரத்தில் பாட்டி, தாத்தா இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று வயதில் பொறுப்பு பள்ளி மாவட்டத்துக்கு மாறும். அங்கே தெரபி, படிப்புக்கும் பள்ளியில் நடமாடுவதற்கும் எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் கிடைக்கும். மற்ற நாடுகளில் திட்டத்தின் பெயர் மாறும். குடும்ப மருத்துவரிடம் முதல் மாதமே கேட்டுவிடுங்கள்.

அம்மாவின் போன்

பாப்பாவுக்கு இரண்டே கால் வயது. செவ்வாய்க்கிழமை காலை. நான் ஆபீஸில் ஸ்டாண்ட்-அப் மீட்டிங்கில் இருந்தேன். போன் அதிர்ந்தது, அம்மா. வெளியே வந்து எடுத்தேன்.

"நடந்துட்டாடா. நாலு அடி. ஃப்ரிட்ஜ்லேர்ந்து என் முட்டி வரைக்கும்."

எனக்குப் பேச்சு வரவில்லை. வீடியோ எடுத்தாயா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. அம்மாவே தொடர்ந்தார்: "கால அகட்டல. முட்டி மடங்கித்தான் இருந்துச்சு, நான் நல்லாப் பாத்தேன்."

இரண்டு வருடம் முன்னால் இடுப்பில் தூக்காதே என்றதற்கு என்னோடு சண்டை போட்ட அம்மா. ஆபீஸ் பார்க்கிங் லாட்டில் நின்று அழுதேன்.

இப்போது பாப்பா ஓடுகிறாள், மற்ற பிள்ளைகளைவிட மெதுவாக. போன மாதம்தான் இரண்டு காலையும் சேர்த்துக் குதித்தாள். படி இறங்கும்போது கைப்பிடி வேண்டும். பாதம் உள்பக்கம் சரியாமல் இருக்க ஷூவுக்குள் ஒரு தாங்கி போடுகிறோம், வளர வளர மாற்ற வேண்டும். டோன் அப்படியேதான் இருக்கிறது. தூங்கும்போது தூக்கினால் இன்னும் பஞ்சு மாதிரி நழுவுவாள்.

காதுகுத்தில் கேள்வி கேட்ட அத்தை பொங்கலுக்கு வந்திருந்தார். பாப்பா அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தன் நடைவண்டியைக் காட்டினாள். இப்போது அதில் கரடி பொம்மை சவாரி போகிறது. அத்தை என்னிடம், தன் இன்னொரு பேரனுக்கும் தசை தளர்வு என்று டாக்டர் சொல்லியிருப்பதாகவும், எட்டு மாதமாகியும் உட்காரவில்லை என்றும் மெல்லிய குரலில் சொன்னார். "எப்படா உக்காருவான்?" என்று கேட்டார்.

"தெரியாது அத்தை. முதல்ல அவன் எப்படிப் படுக்குறான்னு காட்டுங்க" என்றேன். போனை எடுத்து போட்டோவைத் தேடினார். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.